பிறர்பொருட்டு இரக்கம் வேண்டல்

"பரிந்து பேசுதல்" என்பது தமிழில் ஓர் அருமையான தொடர். பரிவு உள்ளத்தில் நிகழ்வது. பேச்சு வாயிற் பிறப்பது. உள்ளத்தில் பரிவின்றிப் பிறனுக்காகப் பேசுவோன் கூலிக்குப் பேசுவோனாவான். பரிவு இருந்தும் வாய் திறவாதவன் அஞ்சி ஒடுங்கியவனாவான். இவ்விரண்டும் ஒருங்கே கூடிய இடத்தில்தான் மனிதன் மனிதனுக்குத் துணையாகிறான்.

ரப்பர்த் தோட்டங்களில் துரைத்தனம் நடந்த அந்நாளில், பெரட்டுக்களத்தில் பெயர் வெட்டுண்ட ஒரு தொழிலாளிக்காக, வயது முதிர்ந்த மற்றொருவர் தலைப்பாகையைக் கையிற் பிடித்துக்கொண்டு பங்களாப் படியருகே நிற்பார். அவர் தமக்கென ஒன்றும் கேட்டாரல்லர். கேட்டதால் தமக்கே தீங்கு வரலாம் என்பதையும் அவர் அறிவார். ஆயினும் நின்றார். அவ்வாறு நிற்பதைக் கிறிஸ்தவ சமயம் தொடக்க முதல் ஒரு வழிபாடாகவும் கடமையாகவும் கொண்டு வந்துள்ளது. அவ்வழக்கத்தின் வரலாற்றில் ஒரு பகுதியை நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதன் பெருமையை மட்டுமன்றி, அது வழுவிய இடத்தையும் கூறுவோம்.

சொல்லும் செயலும்

மேலை நாட்டார் இச்செயலுக்கு வழங்கும் சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. "இடையிற் செல்லுதல்" என்பது அதன் நேர்ப்பொருள். ரோமக் குடியரசில் எளிய மக்களின் காவலராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற திரிபூன் என்னும் அதிகாரிகள் இருந்தனர். மேலதிகாரியின் ஆணை ஒரு குடிமகனைத் தாக்கவரும்போது, அதைத் தடுத்து நிறுத்தும் உரிமை அவர்கட்கு உண்டு. அவ்வுரிமைக்கும் இச்சொல்லே பெயர். எனவே பிறர்பொருட்டு மன்றாடுதல் என்பது வெறும் இரத்தல் அன்று. ஓங்கிய கைக்கும் குனிந்த தலைக்கும் நடுவே சென்று நிற்றல் என்பதே அதன் பழம்பொருள்.

விவிலியம் இப்பொருளைப் பல இடங்களிற் காட்டுகிறது. சோதோம் நகர் அழியப்போகிறதென அறிந்த ஆபிரகாம், அங்கு ஐம்பது நல்லோர் இருப்பின் அதனை விட்டுவிடலாகாதா எனத் தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது என இறங்கிப் பத்தில் வந்து நிற்கிறார். அந்நகரார் அவருடைய குலத்தாரல்லர். மோசே தம் மக்களை மன்னிக்குமாறு கேட்கையில், மன்னிப்பு இல்லையெனில் தம் பெயரையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுமாறு வேண்டுகிறார். இயேசு சிலுவையில் தொங்கியபோது, தம்மை அறைந்தவர்க்கே மன்னிப்பை வேண்டினார். கல்லெறியுண்டு இறந்த ஸ்தேவானும் அவ்வழியே சென்றார்.

நாலாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எகேரியா என்னும் பெண்மணி எருசலேமுக்கு யாத்திரை சென்று, தாம் கண்டவற்றை எழுதி வைத்தார். மாலை வழிபாட்டில் திருத்தொண்டர் ஒருவர் பலருடைய பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பாராம். ஒவ்வொரு பெயருக்கும் சூழ நிற்கும் சிறுவர் கூட்டம் "கிரியே எலெய்சோன்" என்று மறுமொழி கூறுமாம். ஆண்டவனே இரங்குக என்பது அதன் பொருள். பின்னர் மேலைத் திருச்சபை முழுதும் லத்தீனில் வழிபாடு நடத்திய நூற்றாண்டுகளிலும், இக்கிரேக்கச் சொற்கள் மாறாமல் நின்றன. இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. "உலகத்தார் யாவர்க்கும் இரங்குக" என்று பொதுவாகச் சொல்லிவிடுதல் எளிது. ஒருவன் பெயரை எடுத்து, அவனுக்கு இரங்குக என்று கேட்கும்போதுதான் அவன் முகம் நம் கண்முன் வந்து நிற்கிறது.

அந்தியோகியாவின் கலகம்

இவ்வேண்டுதல் கோயிற் சுவரைக் கடந்து அரண்மனை வாயில் வரை நடந்து சென்ற கதை ஒன்று உண்டு. கி.பி. 387ஆம் ஆண்டில் அது நிகழ்ந்தது.

அந்தியோகியா அந்நாளில் ரோமப் பேரரசின் தலைசிறந்த நகரங்களுள் ஒன்று. இன்று அது துருக்கி நாட்டில் அந்தாக்கியா எனப் பெயர் பெற்றுள்ளது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிகழ்ந்த பூகம்பத்தில் பெரும்பகுதி இடிந்துபோன ஊர் அதுவே. 387இன் தொடக்கத்தில் தியோடோசியஸ் சக்கரவர்த்தி ஒரு புதிய வரியை விதித்தார். ஆணை படிக்கப்பட்டதும் நகரப் பெரியோர் புலம்பினர். கூட்டம் திரண்டது; மேற்றிராணியாரைத் தேடிற்று; அவரைக் காணவில்லை. சினம் மூண்டது. சக்கரவர்த்தியின் ஓவியங்கள் மீது கற்கள் பாய்ந்தன. பின்னர், சக்கரவர்த்தி, அவருடைய தந்தையார், மறைந்த பட்டத்தரசி பிளாசில்லா, புதல்வர் இருவர் ஆகியோரின் வெண்கலச் சிலைகளைக் கயிறு கட்டி வீழ்த்தித் தெருவில் இழுத்துச் சென்றனர்.

அக்காலத்தில் சக்கரவர்த்தியின் சிலையை அவமதித்தல் சக்கரவர்த்தியையே அடித்ததற்கு ஒப்பாகும். சில மணி நேரத்திற் கலகம் அடங்கிற்று. தண்டனையோ உடனே தொடங்கிற்று. அகப்பட்டவருட் சிலர் வாளுக்கும், சிலர் நெருப்புக்கும், சிலர் கொடிய விலங்குகளுக்கும் இரையாயினர். சிறுவரும் தப்பவில்லை. அதற்குமேல், தலைநகரிலிருந்து என்ன ஆணை வருமோ, நகரையே தரைமட்டமாக்குவரோ என்னும் திகில் பரவிற்று. செல்வர் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலைக்கும் காட்டுக்கும் ஓடினர்.

கிழவரின் பயணம்

அந்நகரின் மேற்றிராணியார் பிளேவியன். முதுமையால் தளர்ந்தவர். அவருடைய ஒரே சகோதரி மரணப் படுக்கையில் இருந்தார். காலமோ குளிர் நீங்காத காலம். பாஸ்குத் திருநாளுக்கு முன்வரும் தபசு நாட்கள் தொடங்கும் வேளை. கான்ஸ்டாண்டிநோபிள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. இத்தனை தடைகளையும் பொருட்படுத்தாது, தம் மக்களுக்காக மன்றாட அவர் புறப்பட்டார். "நான் இங்கேயே இருந்து பிரார்த்திக்கிறேன்" என்று அவர் சொல்லியிருந்தால் குறை கூறுவார் யார்? ஆயினும் வாய் வேண்டியதைக் கால் செய்ய வேண்டுமென அவர் கருதினார்.

அவர் இல்லாத நாட்களில் மக்களைத் தாங்கியவர், சென்ற ஆண்டிலேதான் குருப்பட்டம் பெற்றிருந்த யோவான் என்பவர். பிற்காலத்தார் அவருடைய நாவன்மையை வியந்து "கிறிசோஸ்தோம்", அதாவது பொன்வாயர் என்று பெயரிட்டனர். கலகம் நடந்த ஏழு நாள்வரை அவர் வாய் திறக்கவில்லை. பின்னர்ப் பேசத் தொடங்கி, இருபதுக்கு மேற்பட்ட பிரசங்கங்கள் செய்தார். அவை "சிலைகளைப் பற்றிய பிரசங்கங்கள்" என்னும் பெயரால் இன்றும் உள்ளன. அவற்றில் அவர் மக்களைத் தேற்றியதோடு நிற்கவில்லை. சக்கரவர்த்தியிடம் மன்னிப்பை எதிர்பார்க்கும் நீங்கள், உங்களுக்குப் பிழை செய்தவனை மன்னித்தீர்களா என்று கேட்டார். தன் பகைவனைப் பிடரியிற் பிடித்துக்கொண்டே தனக்கு இரக்கம் கேட்பவன் எத்தகையவன்? அக்கேள்வி அன்றைய அந்தியோகியாவுக்கு மட்டும் உரியதன்று.

இதற்கிடையே சக்கரவர்த்தி அனுப்பிய இரு பெரும் அதிகாரிகள், எல்லெபிக்கஸ் என்னும் படைத்தலைவரும் சீசேரியஸ் என்னும் அரண்மனைத் தலைமை அதிகாரியும், நகருள் நுழைந்தனர். குளியல் மண்டபங்களும் நாடக அரங்கும் தேர்ப்பந்தயக் களமும் மூடப்பட்டன. தலைநகர் என்னும் தகுதி பறிக்கப்பட்டு அயலூராகிய லவோதிக்கேயாவுக்குக் கொடுக்கப்பட்டது. நகரச் சபையினர் விலங்கிடப்பட்டு விசாரிக்கப்பட்டனர். நீதிமன்ற வாயிலில், உள்ளே அடியுண்டவனின் தாயும் சகோதரியும் மண்ணிற் புரண்டு அழுததை யோவான் கண்டு எழுதியுள்ளார்.

மலையிலிருந்து இறங்கியோர்

அந்நேரத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. நகரைச் சூழ்ந்த மலைக்குகைகளில் பல்லாண்டு வாழ்ந்த துறவியர், ஒருவரும் அழையாமலே கீழே இறங்கினர். நகரத்தார் மலைக்கு ஓட, மலையிலிருந்தோர் நகருக்கு வந்தனர். அவர்களுள் ஒருவர் மாசிடோனியஸ். வாற்கோதுமையன்றி வேறுணவு கொள்ளாதவர். கல்வியறிவில்லாதவர்; கிரேக்க மொழியும் தெரியாதவர். கந்தலுடுத்த அக்கிழவர் நடுத்தெருவில் அதிகாரி ஒருவரின் மேலங்கியைப் பற்றி, இருவரையும் குதிரையை விட்டு இறங்குமாறு கூறினார். முதலில் அவர்கள் சினந்தனர். அவர் யாரென்று அறிந்ததும் இறங்கி வணங்கினர்.

அவர் தம் சிரிய மொழியிற் பேச, மற்றொருவர் கிரேக்கத்தில் பெயர்த்துக் கூறினார். அவருரையின் சாரம் இது: சக்கரவர்த்தியும் ஒரு மனிதனே என்பதை அவரிடம் சொல்லுங்கள். வெண்கலச் சிலை உடைந்தால் வேறொன்று வார்க்கலாம். உடைந்தவற்றுக்கு மாற்றாக ஏற்கெனவே பல வார்த்தாயிற்று. கொல்லப்பட்ட மனிதன் கடவுளின் சாயல். அவன் தலையில் ஒரு மயிரையேனும் சக்கரவர்த்தியால் உண்டாக்க முடியுமா?

எழுத்தறியாத அவ்வேழையின் சொல்லுக்கு ஏட்டில் விடையில்லை. அதிகாரிகள் தண்டனையை நிறுத்தி வைத்தனர். சீசேரியஸ் ஊண் உறக்கம் குறைத்துக்கொண்டு தலைநகருக்கு விரைந்தார்.

இவ்வறத்தைக் கிறிஸ்தவர் மட்டும் செய்தனர் என்று எழுதினால் அது வரலாறாகாது. லிபானியஸ் என்னும் புகழ்பெற்ற ஆசிரியர் அந்நகரில் வாழ்ந்தார். பழைய கிரேக்கத் தெய்வங்களை வழிபட்டவர். யோவானே அவரிடம் பயின்றவர் என்பர். அவரும் நகரை விட்டோடாது அதிகாரிகளிடம் பரிந்து பேசினார். சக்கரவர்த்தியை விளித்து மன்னிப்பை வேண்டும் உரைகளை எழுதினார். கிறிஸ்தவ நூலோர் நகரைக் காத்த புகழை மேற்றிராணியாருக்குத் தந்தனர். பழைய சமயத்தைச் சார்ந்த சோசிமஸ் என்னும் சரித்திராசிரியர் லிபானியஸுக்குத் தந்தார். புகழுக்குப் போட்டியிட்டவர் பின்வந்த எழுத்தாளரே.

சக்கரவர்த்தியின் முன்

பிளேவியன் அரண்மனையில் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதை யோவான் தம் இறுதிப் பிரசங்கத்தில் விரித்துரைக்கிறார். கிழவர் அருகிற் செல்லவில்லை. தாமே குற்றவாளிபோலத் தொலைவில் நின்று, தலைகவிழ்ந்து, பேச்சின்றிக் கண்ணீர் வடித்தார். சக்கரவர்த்தியே எழுந்து வந்து தம் குறையைச் சொன்னார். அந்நகருக்குத் தாம் செய்த நன்மைகளை எடுத்துரைத்து, இறந்தோரையும் அவமதித்தது ஏன் என்று வினவினார்.

மேற்றிராணியார் குற்றத்தை மறுக்கவில்லை; சிறிதாக்கவும் முயலவில்லை. நாங்கள் செய்தது பிழையே, எத்தண்டனைக்கும் உரியோம் என்றார். அதன் பின்னரே இரக்கத்தை வேண்டினார். முன்னொருநாள் தம் சிலையின் முகத்திற் கல்லெறிந்தார் எனக் கேட்ட கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி, தம் முகத்தைத் தடவிப் பார்த்து, காயம் ஒன்றுமில்லையே என்று நகைத்ததை நினைவூட்டினார். மன்னிப்பு கிடையாதெனில் தாம் அந்தியோகியாவுக்குத் திரும்புவதில்லை என்றும் கூறினார். தியோடோசியஸ் இளகினார். தம்மைக் கொன்றவரை ஆண்டவர் மன்னித்திருக்க, மனிதராகிய நாம் மனிதரை மன்னிப்பது வியப்பா என்று விடையிறுத்தார்.

இன்னொன்றும் குறிக்கத்தக்கது. மன்னிப்புக் கடிதத்தைத் தாமே கொண்டு சென்று மாலை மரியாதை பெற அக்கிழவர் விரும்பவில்லை. தம் நடை மெதுவானது. அதுவரை மக்கள் அஞ்சிக்கொண்டிருப்பர். ஆதலால் விரைந்து செல்லும் தூதரிடம் கடிதத்தை அனுப்பிவிட்டுத் தாம் பின்னே வந்தார். நகரம் விளக்கேற்றி மலர் தூவிக் களித்தது. பாஸ்குத் திருநாளுக்கு அவர் தம் மக்களோடு இருந்தார். வெற்றி கைக்கு வந்த கணத்தும் தம்மை மறந்து மக்களை நினைத்தவர் இவர்.

தவறிய இடங்கள்

இத்துடன் கதையை முடித்தால் இனிமையாயிருக்கும், உண்மையாயிராது. மன்னிப்பு வந்தபோது, முதல் நாட்களில் வாளுக்கும் நெருப்புக்கும் இரையானோர் திரும்பி வரவில்லை. அவர்களுக்காகப் பேச எவருக்கும் நேரம் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 388இல், இதே அறம் திரிந்த நிகழ்ச்சியொன்று நடந்தது. யூப்ரடீஸ் நதிக்கரையிலுள்ள கலினிக்கம் என்னும் ஊரில் கிறிஸ்தவர் யூதரின் தொழுகைக் கூடத்தை எரித்தனர். அவ்வூர் மேற்றிராணியார் தம் செலவில் அதனைத் திரும்பக் கட்டித்தர வேண்டுமென்று தியோடோசியஸ் ஆணையிட்டார். நேரிய ஆணை. மிலான் நகர மேற்றிராணியாரான அம்புரோஸ் எரித்தவர்களுக்காகப் பரிந்து பேசினார். சக்கரவர்த்தி ஆணையை விலக்கும் வரை விடவில்லை. கூடம் இழந்த யூதருக்காகப் பரிந்தவர் யார்? பொன்வாயராகிய யோவானும், அந்தியோகியாவில் 386, 387ஆம் ஆண்டுகளில் யூதரைக் கடுமொழிகளாற் சாடியவரே. தன்னவன் செய்த தீங்குக்கு மன்னிப்பும், அயலான் அடைந்த தீங்குக்கு மௌனமும் கேட்பது இரக்கமன்று, கட்சியாகும்.

390ஆம் ஆண்டில் தெசலோனிக்காவில் தேரோட்டி ஒருவனைச் சிறையிட்டதன் காரணமாகக் கலகம் விளைந்து, புத்தெரிக் என்னும் படைத்தலைவர் கொல்லப்பட்டார். முன்பு அந்தியோகியாவை மன்னித்த அதே தியோடோசியஸ் பழிக்கு ஆணையிட்டார். அம்புரோஸ் பன்முறை இரக்கம் வேண்டியிருந்தும் பயனில்லை. பந்தயக் களத்திற் கூடியிருந்த மக்கள்மீது படை பாய்ந்தது. ஏழாயிரவர் மாண்டனர் என்று தியோடொரெட் என்னும் பழைய ஆசிரியர் எழுதுகிறார். அம்புரோஸ் சக்கரவர்த்திக்குக் கடிதம் எழுதி, மனம் வருந்திப் பாவப்பரிகாரம் செய்யாதவரை அவர் முன்னிலையில் பலி ஒப்புக்கொடுப்பதில்லை என்று உறுதியாக மறுத்தார். சக்கரவர்த்தி தம் அரச அணிகளைக் களைந்து, மக்கள் முன் அழுதார்.

அந்தியோகியாவுக்கும் தெசலோனிக்காவுக்கும் வேற்றுமை என்ன? அங்கே மன்னனின் சினத்துக்கும் வாளுக்கும் இடையே சில வாரங்கள் இருந்தன. கிழவர் நடந்துசெல்லவும், துறவியர் மலையிறங்கவும் அவ்விடைவெளி போதியதாயிற்று. இங்கே அவ்விடைவெளி கிடைக்கவில்லை. கடுந்தண்டனை விதித்தபின் முப்பது நாள் பொறுத்தே அதனை நிறைவேற்ற வேண்டும் என்னும் சட்டம் ரோமச் சட்டத் தொகுப்பில் உள்ளது. அச்சட்டம் இப்படுகொலையின் கழிவிரக்கத்திற் பிறந்தது எனப் பழைய ஆசிரியர் உரைப்பர். இரக்கத்துக்கு முதலில் வேண்டுவது கால அவகாசம்.

பகைவனுக்காகவும்

வட ஆப்பிரிக்காவில் இப்போ நகர மேற்றிராணியாராயிருந்த அகஸ்தீன், இவ்வறத்தைக் கடினமான சோதனையில் வைத்தார். 412ஆம் ஆண்டையொட்டி, மாற்றுப் பிரிவினரான தொனாத்தியர் சிலர் அவருடைய குருமாருள் ஒருவரைக் கொன்று, மற்றொருவரின் கண்ணைப் பறித்து விரலை வெட்டினர். குற்றவாளிகள் பிடிபட்டனர். அகஸ்தீன் நீதிபதி மார்செல்லினஸுக்குக் கடிதம் எழுதினார்: இவர்களைக் கொல்ல வேண்டாம், இவர்கள் செய்ததுபோல் இவர்கள் உறுப்பையும் சிதைக்க வேண்டாம், பயனுள்ள வேலையில் அமர்த்துக. தொனாத்தியர்மீது அரசு வற்புறுத்தலை அவர் ஆதரித்தவர் என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும் கொலைக்குக் கொலை என்பதை அவர் ஏற்கவில்லை.

சிறிது காலத்துக்குப்பின், ஆப்பிரிக்காவை ஆண்ட அதிகாரி ஒருவர் அவரைக் கேட்டார்: குற்றவாளிக்காகப் பரிந்து பேசுவது குற்றத்துக்கு உடந்தையாவதன்றோ? அகஸ்தீன் விடை தந்தார். குற்றத்தை வெறுப்பதும் குற்றவாளிக்கு இரங்குவதும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. மனிதன் திருந்துவதற்கு இவ்வாழ்நாளன்றி வேறு இடமில்லை. நீதிபதியின் கடுமையாலும் பயனுண்டு. அதனைத் தணிக்கும் வேண்டுதலாலும் பயனுண்டு.

இதன் முடிவோ நெஞ்சை உருக்குவது. எவரிடம் அகஸ்தீன் இரக்கம் கேட்டாரோ, அந்த மார்செல்லினஸே 413இல் அரச துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையுண்டார். அவருக்காக மன்றாட ஒரு மேற்றிராணியார் அரசவைக்கு அனுப்பப்பட்டார். விடை வருமுன்னரே, அவ்வாண்டு செப்டம்பரில் அவர் தலை வெட்டுண்டது. அங்கும் கால அவகாசமே மறுக்கப்பட்டது.

முடிவுரை

பிறர்பொருட்டு வேண்டுதல் எப்போதும் வென்றதில்லை. வெல்லுமென்று எண்ணி அப்பெரியோர் அதனைச் செய்தாருமல்லர். அவர்கள் வரலாறு நமக்குக் கற்பிப்பன சில உள. பெயர் சொல்லி வேண்டுக. வாயால் வேண்டியதற்காகக் காலால் நடக்க. குற்றத்தை மறைத்து இரக்கம் கேளாதிருக்க. தன் கட்சியானுக்கு மட்டும் கேட்பதை வேண்டுதல் என்னாதிருக்க.

கோயிலிலோ வீட்டிலோ கைகூப்பி நிற்கும் ஒருவன், தனக்குத் தீங்கு செய்தவனின் பெயரை அவ்வேளையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். நா எழவில்லையாயின், அந்தியோகியாவின் கிழவர் நடந்த அந்நெடுவழியில் அவன் இன்னும் முதலடியையே எடுத்து வைக்க வேண்டியவனாவான். எடுத்து வைப்பதற்கு நாளும் வழியும் இன்னும் உண்டு.